பேராச்சி அவித்த கேரட்

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். குற்றாலத்தில் ஒரு சர்க்கார் இலாகாவின் பங்களாவில் பதினாலு வருஷம் சட்டி ஒருத்தி கையிலும் அகப்பை ஒருத்தன் கையிலும் இருந்தது. அகப்பையைப் பிடித்தவன் இசக்கிப்பாண்டி. இலாகா பதிவேட்டில் ‘சமையல்காரர்’ என்ற இடத்துக்கு நேரே இருந்தது அவன் பெயர்தான். சட்டியைப் பிடித்தவள் அவன் பெண்டாட்டி பேராச்சி. அவள் பெயர் எந்த ஏட்டிலும் கிடையாது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் மசூது. பங்களா வாசலுக்கு எதிரே சோடாக் கடை வைத்திருந்தேன். வருஷத்தில் மூன்று மாதம் சாரல் அடிக்கிற ஊரில் சோடாவை எவன் குடிப்பான் என்று என் மாமனார் கேட்டார். அவருக்குக் குற்றாலத்தைத் தெரியும். குற்றாலத்துக்கு வருகிற அதிகாரிகளைத் தெரியாது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து அருவியில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் அவர்களுக்கு ஒரு பசி எடுக்கும். பேராச்சியின் சாப்பாடு உள்ளே போகும். ஏப்பம் வராது. உடனே டவாலிச் சேவகன் என் கடைக்கு ஓடி வருவான். அவள் கைப்பக்குவத்தால் இரண்டு குடும்பம் பிழைத்தது, அதில் ஒன்று என்னுடையது.

இசக்கிப்பாண்டிக்கு அந்த வேலை கிடைத்தது ஐம்பதாம் வருஷம். இலத்தூர்க்காரன், நல்ல உயரம், மீசைக்கே தனியாகச் சம்பளம் கொடுக்கலாம். ஆள் எடுக்க வந்த அதிகாரி, “சமைக்கத் தெரியுமா?” என்று கேட்டிருக்கிறார். “அத்துப்படி” என்றிருக்கிறான். அவன் மனசில் நினைத்தது தின்பதை. அதிகாரி நினைத்தது வேறு. முதல் நாள் சாரலில் நனைந்த விறகை வைத்துக்கொண்டு ஊதி ஊதி, அடுப்பு பற்றவில்லை, அவன் கண் மட்டும் சிவந்தது. பின்கட்டு அறையில் இருந்த பேராச்சி வந்து, “தள்ளுங்க அங்கிட்டு” என்று ஊதுகுழலை வாங்கினாள். அதன்பிறகு அவள் அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

ஆனால் இது வெளியே தெரியக்கூடாது. பங்களா சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த சட்டதிட்டத்தில், நியமனம் பெற்றவரைத் தவிர வேறு யாரும் அடுப்படிக்குள் வரக்கூடாது என்று இருந்தது. தெரிந்தால் வேலை போய்விடும். வேலையோடு பின்கட்டு அறையும் போய்விடும். அதனால் அதிகாரி யாராவது அடுப்படிப் பக்கம் நடந்து வருகிற செருப்புச் சத்தம் கேட்டால் பேராச்சி அடுப்படியை ஒட்டி விறகு போட இறக்கியிருந்த சின்னக் கொட்டகைக்குள், அந்த விறகுச் சாய்ப்புக்குள், போய்விடுவாள், இசக்கிப்பாண்டி அகப்பையை எடுத்துக்கொள்வான். பிள்ளை குட்டி இல்லாத வீடு. இரண்டு பேருக்கும் இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

அவனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் எடுப்பான், தேங்காய் துருவுவான், அம்மியில் அரைப்பான். அதிகாரிக்குத் தட்டு கொண்டுபோகுமுன் ஒரு கிண்ணத்தில் எடுத்து பேராச்சிக்கு மூடி வைத்துவிட்டுத்தான் போவான். புகழ்ச்சியை மட்டும் அவனால் பங்கு வைக்க முடியவில்லை.

கேரட் வந்தது ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஆனி மாதத்தில். அப்போது எங்கள் பக்கம் கேரட்டைக் கண்டவர்கள் குறைவு. இங்கிலீஷ் காய்கறி என்று அதற்குப் பெயர். தென்காசிச் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருந்த பரீது மட்டும் யாராவது முன்கூட்டிச் சொன்னால் மதுரையிலிருந்து தருவிப்பார்; வாடிப்போய்த்தான் வந்து சேரும். அந்த வருஷம் சென்னையிலிருந்து வந்த பெரிய இன்ஜினியர் ஒருவர் ஜீப்பிலேயே ஒரு கூடை கேரட்டைக் கொண்டுவந்து இறக்கினார். கண்ணுக்கு நல்லது, தினமும் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்.

“வேக வெச்சு, லேசாத் தாளிச்சுக் கொண்டா. மசாலா கூடாது, புளி கூடாது” என்று சொல்லிவிட்டு அவர் அருவிக்குப் போய்விட்டார்.

இசக்கிப்பாண்டி ஒரு கேரட்டைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தான். “பாய், கொழும்பெல்லாம் பாத்தவரு நீரு. இது என்னதுன்னு சொல்லும்.”

கொழும்பில் நான் இரண்டு வருஷம் இருந்தேன். அங்கே ஒரு கடையில் இதைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். தின்றது இல்லை. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “கிழங்கு. மலைல விளையுத கிழங்கு” என்றேன்.

“எப்படி அவிக்க?”

“கிழங்க எப்படி அவிப்பாவளோ அப்படித்தான்.”

இந்தக் கதையில் என் பங்கு இவ்வளவுதான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, எல்லாம் இதிலிருந்துதான் ஆரம்பித்தது.

பேராச்சி ஆய்க்குடிப் பெண். அவளுக்குத் தெரிந்த நீளக் கிழங்கு பனங்கிழங்கு. அதைத் தோல் நீக்கி, உப்பும் மஞ்சள்பொடியும் போட்டு அவிக்க வேண்டும். ஆறினபிறகு இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கிற குருத்தை உருவிப் போட்டுவிட வேண்டும். குருத்தோடு தின்றால் வயிற்றைப் பிடிக்கும் என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அவள் கேரட்டையும் முழுசாக உப்பும் மஞ்சளும் போட்டு அவித்தாள். பிளந்து பார்த்தாள். நடுவில் வெளுத்த மஞ்சள் நிறத்தில் விரல் தண்டிக்கு ஒரு கட்டை இருந்தது.

“பாத்தீங்களா, இதுலயும் குருத்து இருக்கு. பெரிய எடத்து மனுசன், வயித்து வலின்னு படுத்துட்டாருன்னா நம்ம பாடு என்னத்துக்கு ஆகும்?” என்று சொல்லி, கூடையில் இருந்த பாதி கேரட்டுக்கு ஒவ்வொன்றாகக் குருத்து எடுத்தாள். எடுத்ததை எல்லாம் கொல்லையில் குரங்குகளுக்குப் போட்டாள். மிச்சத்தைப் பொடியாக நறுக்கி, தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, ஒரே ஒரு மிளகாய் வற்றல், கறிவேப்பிலை தாளித்து, அதில் போட்டுப் புரட்டி, இறக்கும்போது ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ தூவினாள். அவ்வளவுதான் சமையல். இதில் தொழில் என்று சொல்ல என்ன இருக்கிறது?

இன்ஜினியர் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்தக் காலத்துக் கேரட் முற்றிப்போய் வரும். சென்னையில் அவர் வீட்டுச் சமையல்காரன் எவ்வளவு வேக வைத்தாலும் நடுவில் விறகு மாதிரி கடிபடுமாம். இங்கே வெண்ணெயாக இருக்கிறது. “எப்படிப்பா இது?” என்று கேட்டிருக்கிறார்.

“அது தொழில் ரகசியம்யா” என்றான் இசக்கிப்பாண்டி. உண்மையில் அவனுக்கும் அது ரகசியமாகத்தான் இருந்தது. குருத்து எடுத்த நேரத்தில் அவன் வராந்தாவில் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தான்.

வந்து தங்குகிறவர்கள் கருத்து எழுதும் பங்களாப் புத்தகத்தில் அன்று இன்ஜினியர் எழுதினார். இசக்கிப்பாண்டி அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான். கொழும்பு இங்கிலீஷை வைத்துப் படித்துச் சொன்னேன். ‘சமையல்காரர் இசக்கிப்பாண்டியின் கேரட்டுக்கு இந்த மாகாணத்தில் ஈடு இல்லை’ என்று இருந்தது. அவன் மீசை இரண்டு அங்குலம் உயர்ந்தது.

அவன் போய் பேராச்சியிடமும் சொல்லியிருக்கிறான். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாளாம்: “கேரட்டு பேரு இருக்கு, ஒங்க பேரு இருக்கு. நல்லதுதான்.” அன்று ராத்திரி அவன் குழம்பில் மட்டும் உப்பு தூக்கலாக இருந்தது என்று மறுநாள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டான்.

அதன்பிறகு வருஷா வருஷம் சீசனுக்கு இன்ஜினியர் வருவார், கூடையும் வரும். அவர் சொல்லக் கேட்டு மற்ற அதிகாரிகளும் கேரட்டோடு வர ஆரம்பித்தார்கள். குற்றாலத்துக்கு வருகிறவன் அருவிக்கு வருகிறானா, கேரட்டுக்கு வருகிறானா என்று எனக்கே சந்தேகம். தற்காலிகமாக இருந்த வேலை ஐம்பத்தாறில் நிரந்தரம் ஆனது. சிபாரிசுக் கடிதத்தில் கேரட்டைப் பற்றி ஒரு பாரா இருந்ததாம். நாட்டில் எத்தனையோ பேர் பி.ஏ. படித்துவிட்டு வேலைக்கு அலைந்த காலம் அது.

ஒரு வருஷம் இன்ஜினியர் வீட்டு அம்மாள், செய்முறையை எழுதிக்கொண்டு போக வேண்டும் என்று நோட்டும் பென்சிலுமாக அடுப்படிக்கே வந்துவிட்டார். பேராச்சி விறகுச் சாய்ப்புக்குள் ஓடினாள். வெளியே சாரல், உள்ளே புகை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமலை அடக்கினாள். நான் சோடா கொண்டுபோனவன் அங்கேதான் நின்றேன்.

“எவ்வளவு நேரம் வேகணும்?” என்று அம்மாள் கேட்டார்.

இசக்கிப்பாண்டி அகப்பையை உயர்த்திப் பிடித்தான். “கைக்குத் தெரியும்மா. மனசு சொல்லும்.”

அம்மாள் அதையும் எழுதிக்கொண்டார். சாய்ப்புக்குள் ஒரு சத்தம் கேட்டது. எலி என்றான் இசக்கிப்பாண்டி. எலி சிரித்து நான் அன்றுதான் கேட்டேன்.

நாளாக ஆக அவன் தன் கைமணத்தைத் தானே நம்ப ஆரம்பித்துவிட்டான். என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, கேரட்டைத் தொட்டுப் பார்த்தே அது எந்த மலையில் விளைந்தது என்று சொல்லிவிடலாம் என்பான். நான், “ஏம்வே, அடுப்பத் தொட்டுப் பாத்திருக்கீரா?” என்பேன். கோபம் வராது அவனுக்கு. சிரித்துக்கொண்டு ஒரு சோடா கேட்பான்.

அறுபத்து நாலு ஐப்பசி அடைமழையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்தே நாள். தென்காசி ஆஸ்பத்திரிக்கு வில்வண்டியில் கொண்டுபோனோம். திரும்பி வரும்போது பேராச்சியும் நானும் அவனைக் கிடத்தித்தான் கொண்டுவந்தோம். நான் அழுதேன். அவனைக் கேலி செய்யாமல் எனக்குப் பொழுது போகாது. இனி யாரைக் கேலி செய்ய?

பதினாறாம் நாள் கழிந்ததும் பேராச்சி கடைக்கு வந்தாள். “பாய், அறையைக் காலி பண்ணச் சொல்லிக் கடுதாசி வந்திருக்கு. ஆய்க்குடில எனக்கு யாரு இருக்கா? அவுக வேலைய எனக்குக் குடுங்கன்னு ஒரு மனு எழுதணும். சமையல் வேலைதான, அது எனக்கு வராதா?”

கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. காகிதத்தை எடுத்தேன். பெயர், வயசு எழுதினேன். ‘முன் அனுபவம்’ என்று ஒரு இடம். ‘இதே பங்களாவில் பதினாலு வருஷம்’ என்று பேனாவை வைத்தேன்.

அவள் என் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தாள். “அதை எழுதாதீங்க பாய்.”

“ஏன்? உண்மைதானம்மா.”

“உண்மைதான். அப்ப அவுக பதினாலு வருசம் பொய் சொல்லிச் சம்பளம் வாங்குனதா ஆயிரும்லா. செத்த மனுசனைக் கள்ளன்னு நானே மனுப் போடணுமா?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “அப்ப ஒனக்கு என்னதான் அனுபவம்னு எழுத?”

“வீட்டுச் சமையல் தெரியும்னு எழுதுங்க. மிச்சத்த வார அதிகாரி தின்னு பாத்துத் தெரிஞ்சிக்கிடட்டும். நாக்கு பொய் சொல்லுமா?”

அப்படியே எழுதினேன். நாக்கு பொய் சொல்லாது என்று நானும்தான் நம்பினேன்.

முடிவு தெரியும்வரை அவள் அறையிலேயே இருக்கலாம் என்று பதில் வந்தது. மனு சுற்றிச் சுற்றி இன்ஜினியரிடம்தான் போயிருக்கிறது. அதற்குள் அவர் இன்னும் பெரிய பதவிக்குப் போயிருந்தார். அறுபத்தைந்து ஆனியில் வந்தார். வரும்போதே கண் கலங்கியிருந்தது. இசக்கிப்பாண்டி இல்லாத குற்றாலம் எப்படி இருக்கும் என்று ஜீப்பில் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாராம். இரக்கமுள்ள மனுஷன், அதில் குறை சொல்ல முடியாது. பேராச்சியைக் கூப்பிட்டார்.

“மனுவைப் பார்த்தேன்மா. சட்டப்படி ஒரு பரீட்சை வைக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம், கேரட் மட்டும் செய். இசக்கிப்பாண்டி செய்யறதைக் கொஞ்சமாவது பார்த்திருப்பியே?”

“பாத்திருக்கேன்யா” என்றாள் பேராச்சி.

அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் அந்த அடுப்படிக்குள் முன்வாசல் வழியாகப் போனாள். அதே உருளி, அதே அகப்பை. முழுசாக அவித்தாள், பிளந்தாள், குருத்து எடுத்தாள். கொல்லையில் குரங்குகள் வழக்கம்போல வந்து காத்திருந்தன. உப்பு ஒரு கல் கூடவில்லை, குறையவில்லை. இதை நான் கண்ணால் கண்டேன்; வேண்டுமென்றே ஒரு டஜன் சோடாவை இரண்டு இரண்டாகக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அந்த அறை, அந்த அடுப்பு, அவள் மிச்ச ஆயுசு எல்லாம் அந்த ஒரு தட்டில் இருந்தது.

இன்ஜினியர் ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். நான் மனசுக்குள் துஆ செய்தேன். அவர் மெதுவாக மென்றார், இன்னொரு வாய், இன்னொரு வாய். தட்டு காலியானது. மறுபடி போடச் சொன்னார். அதுவும் காலியானது. விரலை வழித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“நல்லாத்தான் இருக்கு, குறை சொல்ல முடியாது” என்றார். “ஆனா ஆயிரம் இருந்தாலும் இசக்கிப்பாண்டி கைமணம் வரலை. அது அவனோட போச்சு.”

எனக்கு ரத்தம் கொதித்தது. கையில் இருந்த சோடாக் குப்பியை அவர் தலையில் உடைத்திருந்தால் நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன், பேராச்சிக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது. வாயைத் திறக்கப் போனேன். அவள் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கோபம்தான் இத்தனை வருஷமாக உள்ளேயே கிடந்தது.

ஆனால் அவர் அவளைத் தெருவில் விடவில்லை. கருணை அடிப்படையில் பெருக்குகிற வேலை போட்டுக் கொடுத்தார். பின்கட்டு அறை சமையல்காரருக்கு உரியது என்பதால் அவளுக்கு விறகுச் சாய்ப்பை அடைத்து ஒரு அறையாக ஆக்கிக் கொடுக்க உத்தரவு போட்டார். இருமலை அடக்கி நின்ற இடத்திலேயே சட்டப்படி குடியேறினாள். வராந்தா, முற்றம் எல்லாம் பெருக்கலாம். அடுப்படிக்குள் மட்டும் போகக்கூடாது. கண்ணாடி போட்ட சட்டதிட்டம் அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

சமையலுக்கு வாசுதேவநல்லூர்க்காரன் செல்லச்சாமி வந்தான். மதுரையில் பெரிய ஹோட்டலில் வேலை பார்த்ததற்குச் சர்டிபிகேட் வைத்திருந்தான். சொன்னால் சொல்ல வேண்டும், அவனுக்கு நிஜமாகவே சமைக்கத் தெரியும். அறுபத்தாறு சீசனுக்கு இன்ஜினியர் கூடையோடு வந்தபோது அவன் கேரட்டை வட்ட வட்டமாக அழகாக நறுக்கி, தாளித்துக் கொண்டுவந்து வைத்தான்.

இன்ஜினியர் ஒரு துண்டைக் கடித்தார். கடக் என்று சத்தம் கேட்டது. துப்பிவிட்டார். இன்னும் அரை மணி வேகவைத்துக் கொண்டுவந்தான். சுற்றிலும் குழைந்து போனது, நடுக்கட்டை அப்படியே இருந்தது. மூன்றாம் தடவை அவன் கொண்டுவருமுன் இன்ஜினியர் எழுந்து வராந்தாவுக்கு வந்துவிட்டார். பேராச்சி முற்றத்தில் வாரியலும் கையுமாக நின்றாள். நான் குப்பி எடுக்க வந்திருந்தேன்.

“பேராச்சி, இங்க வா” என்றார். “போன வருஷம் நீ செஞ்சது எவ்வளவோ தேவலை. இவனுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடேன். உன் புருஷன் உனக்கு என்ன சொல்லிக் கொடுத்தான்?”

செல்லச்சாமி அடுப்படி வாசலில் வேர்த்து விறுவிறுத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்: குருத்தை உருவிவிடு. ரகசியம் அவ்வளவுதான்.

பேராச்சி வாரியலைச் சுவரில் சாத்தினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இன்ஜினியர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

“அவுக எனக்கு ஒண்ணும் சொல்லித் தரலய்யா. பதினாலு வருசத்துல அடுப்படில ஒரு காரியம்கூட அவுக எனக்குச் சொல்லித் தந்ததில்ல.”

இன்ஜினியர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். “பாவம், உனக்கு என்ன தெரியும்” என்றார். மிச்சக் கேரட்டை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டு உள்ளே போனார். பங்களாப் புத்தகத்தில் அன்று அவர் எழுதியதை நான் பிறகு படித்தேன். இசக்கிப்பாண்டி தன் வித்தையைத் தன் மனைவிக்குக்கூடச் சொல்லாமல் கொண்டுபோய்விட்டான் என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார்.

அந்திக்குக் கடை அடைக்கிற நேரத்தில் பேராச்சி ஒரு எனாமல் கிண்ணத்தை முந்தானையால் மூடிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். சாய்ப்பில் மூன்று கல் கூட்டி, கூடையில் மிஞ்சியிருந்ததை அவித்திருக்கிறாள். ஆவி பறந்தது. ஒரு வாய் போட்டேன். வெண்ணெயாக இறங்கியது.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, வாயில் சிரிப்பு இருந்தது.

“எப்படி இருக்கு பாய்? எங்க வீட்டுக்காரவுக கைமணம் வந்திருக்கா?”